ஸ்டார்பர்ஸ்ட் என்றால் விண்மீன் பெருக்கு: சொல் விளக்கம்

ஒரு திரளில் விண்மீன்கள் திடீரெனக் கூட்டமாகப் பிறப்பதைக் குறிக்கும் ஸ்டார்பர்ஸ்ட் என்ற வானியல் சொல்லைக் கண்டதும் ‘விண்மீன் வெடிப்பு’ என்று எழுதத்தான் கை போகும். தருமபுரியில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு மாணவர்கள் எழுதித் தந்த கட்டுரைகளிலும் அப்படியே இருந்தது. இதனால் வரும் குழப்பத்துக்கு எம்82 என்ற விண்மீன் திரளே (கேலக்ஸி) சாட்சி. 2014 ஜனவரியில், லண்டனில் ஓர் ஆசிரியரும் மாணவர்களும் தொலைநோக்கிப் பயிற்சி வகுப்பின்போது அந்தத் திரளில் ஒரு சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்தார்கள். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனான வெண்குறுமீன் ஒன்று வெடித்துச் சிதறிய ஒளி அது. எம்82 தானும் ஸ்டார்பர்ஸ்ட் வகைத் திரள். அப்படியானால் ‘விண்மீன் வெடிப்புத் திரளில் விண்மீன் வெடிப்பு’ என்றல்லவா செய்தி எழுத வேண்டும்? முதல் வெடிப்பு பிறப்பு, இரண்டாம் வெடிப்பு சாவு. படிப்பவர் பாவம்.

ஆங்கிலத்தில் பர்ஸ்ட் என்பது வெடிப்பை மட்டும் குறிப்பதில்லை. அடக்கி வைத்தது ஒரே மூச்சில் பீறிடுவதற்கும் அதுவே சொல். சில திரள்களில் விண்மீன்கள் சீராகப் பிறக்காமல் திடீர்த் திடீரெனக் கூட்டமாகப் பிறக்கின்றன என்ற கருத்து 1970களில் வலுப்பட்டது. 1981 இல் டேனியல் வீட்மேனும் உடன் ஆய்வாளர்களும் என்ஜிசி 7714 என்ற திரளைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘ஸ்டார்-பர்ஸ்ட்’ இடம்பெற்றது. நடுவில் இருந்த சிறுகோடு பிறகு உதிர்ந்துபோயிற்று.

அளவைச் சொன்னால்தான் பொருள் விளங்கும். நம் பால்வழியில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரியன்களின் நிறையளவுக்குத்தான் புது விண்மீன்கள் உருவாகின்றன. அதைவிட மிகச் சிறிய எம்82 இல் ஏறத்தாழ பத்து. இரண்டு திரள்கள் மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கும் ஆர்ப் 220 இல் நூற்றுக்கும் மேல். மோதலில் நிலைகுலைந்த வாயு நடுப்பகுதிக்குப் பாய்ந்து நெரிசலாகக் குவிவதே காரணம். இந்த வேகத்தில் செலவழித்தால் கைவசமுள்ள வாயு சில கோடி ஆண்டுகளில் தீர்ந்துவிடும். வானியல் கணக்கில் அது கண்மூடித் திறக்கும் நேரம்.

இவ்வளவு பிறந்தும் கண்ணுக்கு வெளிச்சம் குறைவு. பிறக்கும் இடமெங்கும் கரியும் சிலிக்கேட்டும் கலந்த நுண்தூசி. இளம் விண்மீன்களின் புறஊதாக் கதிர்களை அந்தத் தூசி விழுங்கி, சற்றே சூடேறி, அகச்சிவப்புக் கதிர்களாக வெளியிடுகிறது. சூடு என்றாலும் சுழியத்துக்குக் கீழே 220, 240 பாகை செல்சியஸ்தான்! நீறு பூத்த நெருப்பை வெப்பத்தைக் கொண்டு கண்டுபிடிக்கும் வேலை இது. வில்லியம் ஹெர்ஷல் 1800 இலேயே அகச்சிவப்பைக் கண்டறிந்துவிட்டார். ஆனால் நம் காற்றிலுள்ள நீராவி அதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுவதால், 1983 இல் ஐராஸ் செயற்கைக்கோள் மேலே போன பிறகுதான் இத்தகைய திரள்கள் ஆயிரக்கணக்கில் அகப்பட்டன. (அகச்சிவப்பு என்ற பெயரும் பொருத்தமானதன்று. அந்தக் கதிர் நிறமாலையில் சிவப்புக்கு வெளியே இருக்கிறது. அகம், புறம் என்று இணை சேர்க்கும் ஆசை யாரையோ பிடித்திருக்கிறது. நிலைத்துவிட்ட சொல், இருக்கட்டும்.)

தொலைவில் உள்ளவை இன்னும் மூர்க்கமானவை. பிரபஞ்சம் விரிவதால் அவற்றின் அகச்சிவப்பு அலைகள் வரும் வழியில் நீண்டு, மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அலைகளாக வந்து சேர்கின்றன. 1990களின் இறுதியில் ஹவாயின் மௌனா கியா மலையில் ஸ்கூபா என்ற கருவி அவற்றைப் பிடித்தது. ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, விண்மீன் பிறப்பு உச்சத்தில் இருந்த காலத்தைச் சேர்ந்தவை பல. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரியன்கள், சிலவற்றில் ஆயிரம்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘விண்மீன் பொழிவு’ என்றால் விண்கல் பொழிவோடு குழம்பும். ‘விண்மீன் பெருக்கம்’ சரிதான், ஆனால் மக்கள்தொகைப் பெருக்கம் போல மெல்ல ஏறுவதும் பெருக்கம்தானே. நான் எடுத்துக்கொள்ளும் சொல் ‘விண்மீன் பெருக்கு’. ஒகேனக்கலில் காவிரி எப்போதும் ஓடுகிறது. மேலே கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்துவிட்டதும் அருவிகள் மூழ்கிப் பாறைகள் மறைகின்றன, பரிசல் ஓட்டத் தடை விதிக்கிறார்கள், சில நாளில் வடிந்துவிடுகிறது. அதைத்தான் பெருக்கு என்கிறோம். எப்போதும் நடப்பதே திடீரென மிகுவது, வரத்தால் மிகுவது, பிறகு வடிவது ஆகிய மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடங்குகின்றன. வீடு பெருக்குவது நினைவுக்கு வருகிறது என்று ஒரு மாணவி சிரித்தாள். ஆடிப்பெருக்கு கொண்டாடும் மாவட்டத்தில் அந்த ஐயம் நீடிக்காது.

எம்82 ஐப் பார்க்க விரும்புகிறவர்கள், பங்குனி, சித்திரையில் நிலவில்லாத முன்னிரவில் தருமபுரி அருகே உள்ள வத்தல்மலைக்குச் சிறு தொலைநோக்கியோடு போகலாம். சப்தரிஷி மண்டலப் பக்கம், வடக்கு அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 30 பாகை உயரத்தில், மங்கிய கீற்றாகத் தெரியும்.

கூடவே வரும் இன்னொரு பெயரான ‘அல்ட்ராலூமினஸ் இன்ஃப்ராரெட் கேலக்ஸி’, அகச்சிவப்பில் மட்டும் 1 லட்சம் கோடி சூரியன்களுக்கு மேல் ஒளிர்பவற்றுக்கு உரியது. ‘மீயொளிர்’ என்ற அடைமொழி சூப்பர்நோவாவுக்குப் போய்விட்டதால் இதை ‘பேரொளி அகச்சிவப்புத் திரள்’ எனலாம். ஆனால் அதையும் விண்மீன் பெருக்குத் திரளையும் ஒன்றென எழுதக் கூடாது. சில பேரொளித் திரள்களில் தூசியைச் சூடேற்றுவதில் பெரும்பங்கு நடுவிலுள்ள கருந்துளையைச் சுற்றி விழும் பொருளுக்கே உரியது.