புராஸ்டேட் பரிசோதனை: ரத்தத்துக்குள் கசியும் நொதி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவுக்கு வயது 67. பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். ராத்திரியில் நாலைந்து தடவை சிறுநீருக்கு எழுகிறார். கிளினிக்கில் புராஸ்டேட்டுக்கு ரத்தம் எடுக்க வரச் சொன்னார்கள். அதுவரை இரண்டு நாள் சைக்கிள் மிதிக்கக் கூடாதாம், அம்மாவோடும் சேரக் கூடாதாம். இதை அப்பாவிடம் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஏன் சார் இப்படி?"

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் இருக்கும் சுரப்பி. அது சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தைத்தான் ரத்தத்தில் தேடுகிறார்கள், ஆனால் அது ரத்தத்தில் வேலை செய்வதற்காக உண்டானதே அல்ல.

விந்து வெளியேறியதும் கட்டியாகும். விந்துப்பைகளிலிருந்து வரும் செமினோஜெலின் என்ற புரதம் வலையாகப் பின்னிக்கொள்வதால் அப்படி. ரப்பர்ப் பாலில் ஆசிட் ஊற்றினாலும் உறையும், ஆனால் உறைந்தது மறுபடி பாலாகாது. விந்து அரை மணி நேரத்துக்குள் தானாகவே இளகிவிடும்! புராஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ. ஒரு நொதி, அந்த வலையைக் குறிப்பிட்ட இடங்களில் நறுக்கி நறுக்கி உயிரணுக்களை நீந்த விடுகிறது. ஜப்பானின் மிட்சுவோ ஹாரா 1971-இல் விந்தில் இந்தப் புரதத்தை விவரித்தது தடயவியலுக்காக, புற்றுநோய்க்காக அல்ல. விந்தை ஆராயப் பணம் எதற்கு என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். 'ஒரு துளி விந்து அறுபது துளி ரத்தம்' என்று பயமுறுத்திக் காசு பார்க்கும் வைத்தியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

விந்தில் இந்த நொதி மில்லிகிராம் கணக்கில் இருக்கும். ரத்தத்தில் நானோகிராம்தான், ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நடுவில் இருக்கும் செல் அடுக்குகள் அதைத் தடுத்து வைத்திருக்கின்றன. புற்றுநோய் செல் கூடுதலாக பி.எஸ்.ஏ. சுரப்பதில்லை, பெரும்பாலும் குறைவாகவே சுரக்கும். அது தடுப்பைக் குலைத்துவிடுவதால்தான் நொதி ரத்தத்துக்குள் கசிகிறது. கிருமித்தொற்றிலும் கசியும். வயதாகிச் சுரப்பி பெருத்தாலும் அளவு ஏறும். உடலுறவும் சைக்கிள் சீட்டின் அழுத்தமும் தற்காலிகமாக ஏற்றிவிடலாம். இரண்டு நாள் கட்டுப்பாடு அதற்குத்தான்.

ஆகவே அந்த எண் கசிவைச் சொல்கிறது, புற்றுநோயை அல்ல. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 4 நானோகிராம் என்ற பழைய எல்லையைப் பள்ளித் தேர்வு மதிப்பெண் மாதிரி பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அதற்கு மேல் போன பலருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை, கீழே இருந்த சிலருக்கு இருந்திருக்கிறது.

ரத்தம் கையில்தான் எடுப்பார்கள், பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மருத்துவர் விரலாலும் சோதிக்கலாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மார்புப் பக்கம் மடக்கிக்கொண்டால், கையுறையில் ஜெல் தடவி ஆசனவாய் வழியே தொட்டுப் பார்ப்பார். புற்றுநோய் பெரும்பாலும் தொடங்கும் பின்பகுதி மலக்குடலை ஒட்டியே இருப்பதால், விரலுக்குக் கட்டி எட்ட வாய்ப்புண்டு. சங்கடம் உண்டு, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எண் கூடியிருந்தால் சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். பிறகு தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ., அதிலும் சந்தேகம் என்றால் ஊசியால் திசு எடுப்பது.

அப்பா ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். சுரப்பி வீக்கத்துக்கும் வழுக்கைக்கும் கொடுப்பது அது. மாதக்கணக்கில் எடுத்தால் பி.எஸ்.ஏ. பாதியாகக் குறையும், ரிசல்ட்டில் 3 என்று இருந்தால் மருத்துவர் அதை 6 என்று கணக்கிட வேண்டும். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.