ஸ்கேனர்: வருடியா, துழாவியா?

“ஸ்கேன் எடுத்தாயிற்றா?” என்று யாராவது கேட்டால் நமக்கு வயிறோ தலையோ நினைவுக்கு வரும். அலுவலகத்தில் கேட்டால் ஆதார் அட்டையின் நகல். வானொலி ஆர்வலர்கள் சொல்லும் ஸ்கேனர் இவை இரண்டும் அல்ல. பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே தட்டிப் பார்த்து, எங்கே பேச்சு கேட்கிறதோ அங்கே நின்றுவிடும் ஒரு வானொலி ஏற்பி அது. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் அமெரிக்க விமானப்படை இயங்கும் லேக்கன்ஹீத், மில்டன்ஹால் தளங்களின் வேலியோரம் போனால் இதைப் பார்க்கலாம். கேமராவோடு நிற்கும் விமான ரசிகர்களில் பலரது இடுப்பில் குட்டை ஆன்டெனாவுடன் இது தொங்கும். எஃப்-15 போர் விமானம் ஓடுபாதைக்கு வரப்போவதை அவர்கள் காதால் அறிந்த பிறகுதான் கண்ணால் காண்கிறார்கள்.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘ஸ்காந்தெரே’ என்றால் ஏறுதல். விமானம் மேலே ஏறுவதைச் சொல்லும் ‘அசென்ட்’, இறங்குவதைச் சொல்லும் ‘டிசென்ட்’ இரண்டும் இதே வேரில் பிறந்தவை. ஏறுவதற்கும் தேடுவதற்கும் என்ன தொடர்பு? இடையில் யாப்பிலக்கணம் இருக்கிறது. செய்யுளை ஓசை அளவுப்படி பிரித்துப் படிப்பதை, பாதம் ஏறி இறங்குவதாகக் கண்டு, அதே சொல்லால் குறித்தார்கள். ஆங்கிலத்தில் ‘ஸ்கேன்’ 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பொருளோடுதான் நுழைந்தது. நம் பள்ளித் தேர்வில் “சீர் பிரித்து அலகிடுக” என்று கேட்பார்களே, அதே வேலை. நேர், நிரை, தேமா, புளிமா என்று அசை அசையாகப் பார்ப்பதிலிருந்து ‘நுணுகி ஆராய்தல்’ என்ற பொருள் 16-ஆம் நூற்றாண்டில் கிளைத்தது. 20-ஆம் நூற்றாண்டில் அதற்கு நேர்மாறாக ‘மேலோட்டமாகக் கண்ணோட்டுதல்’ என்ற பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது. தொலைக்காட்சிப் படத்தை வரி வரியாகப் பிரித்து அனுப்புவதற்கும் இதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அந்த வழியில் வந்ததுதான் வானொலி ஸ்கேனர்.

அப்படியானால் தமிழில் ‘அலகிடி’ என்று சொல்லிவிடலாமா? வேர் பொருந்தும், வேலை பொருந்தாது. அலகிடுபவர் ஒரு அசையையும் விடமாட்டார். இந்தக் கருவியோ பெரும்பாலானவற்றை விட்டுவிடுவதற்காகவே செய்யப்பட்டது.

கணினித் தமிழில் ‘வருடி’ நிலைத்துவிட்டது. தாளின் மேல் ஒளி இடைவெளியின்றித் தடவிச் செல்வதால் அங்கே அது அழகான சொல். அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் வானொலிக் கருவி எதையும் வருடுவதில்லை, தாவுகிறது. இரவில் கடைத்தெருவில் ஒவ்வொரு பூட்டாக இழுத்துப் பார்த்துக்கொண்டே போகும் காவலாளியின் வேலை அது. ஆகவே ‘அலைவருடி’ எனக்கு உடன்பாடில்லை. ‘அலைதுழாவி’ என்பேன். இருட்டில் கையைவிட்டுத் தேடுவதும் துழாவல், கூட்டத்தில் ஒரு முகத்தைக் கண்ணால் தேடுவதும் துழாவல்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கருவியில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ‘சர்ச்’ என்பது ஒரு எல்லைக்குள் இருக்கும் எல்லா அலைவரிசைகளையும் தேடுவது. ‘ஸ்கேன்’ என்பது நாம் ஏற்கெனவே நினைவகத்தில் பதிந்து வைத்தவற்றை மட்டும் சுற்றி வருவது. இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. நேட்டோ நாடுகளின் இராணுவ விமானங்கள் பெரும்பாலும் 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் பேசுகின்றன. 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் எண்ணினால் அதில் சுமார் 7,000 இடங்கள். நொடிக்கு நூறு என்று ஓடினாலும் ஒரு சுற்று முடிய எழுபது நொடி ஆகும். விமானி பேசுவதோ மூன்று நான்கு நொடி. எனவே முதலில் துழாவிக் கண்டுபிடித்துப் பதிந்துகொள்கிறார்கள், பிறகு பதிந்தவற்றை மட்டும் வலம் வருகிறார்கள். முன்னதைத் ‘துழாவல்’ என்றும் பின்னதை ‘வலம்’ என்றும் பிரித்துச் சொன்னால் ஆங்கிலத்தைவிடத் தெளிவாகவே இருக்கும்.

அலைவரிசை என்ற சொல்லையும் தொட்டுவிடுவோம். இயற்பியல் நூல்களில் அது அதிர்வெண், இலங்கைப் பாடநூல்களில் மீடிறன். வானொலி நிலையங்களின் அறிவிப்புகளால் அலைவரிசை மக்கள் நாவில் ஏறிவிட்டதால் இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன்.

கடையில் கிடைக்கும் எல்லா ஸ்கேனரும் இதற்கு உதவாது. விமானப் பேச்சு, குடிமை விமானமானாலும் போர் விமானமானாலும், வீச்சுப் பண்பேற்றத்தில், அதாவது ஏ.எம். முறையில் நடக்கிறது. எஃப்.எம். முறையில் வலுவான குரல் மெலிந்த குரலை முழுங்கிவிடும். ஏ.எம். முறையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் பெரும்பாலும் ஒரு கீச்சொலியாவது எழும், இன்னொருவர் பேசுவது தெரிந்துவிடும். ஆபத்தில் இருப்பவரின் குரல் அமுங்கிவிடக் கூடாது அல்லவா? அதனால்தான் பழைய முறை இன்னும் நீடிக்கிறது. ஆபத்துக் காலத்துக்கென்றே இராணுவ விமானங்களுக்கு 243.0 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கப்பட்டிருக்கிறது. குடிமை விமானங்களின் 121.5-க்குச் சரியாக இரு மடங்கு.

இந்த அலைகள் நேர்கோட்டில் செல்பவை. 30,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் குரல் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். தரையில் இருக்கும் கட்டுப்பாட்டாளரின் பதிலோ சில கிலோமீட்டர் தள்ளிப் போனாலே மறைந்துவிடும். ஆகவே வீட்டிலிருந்து கேட்பவருக்குப் பெரும்பாலும் பாதி உரையாடல்தான் கிடைக்கும். மீதியை ஊகிக்க வேண்டும். விமானிகளின் குறிச்சொற்களும் தெரிந்திருக்க வேண்டும். ‘பிங்கோ’ என்றால் திரும்பிச் செல்ல மட்டுமே எரிபொருள் இருக்கிறது, ‘வின்செஸ்டர்’ என்றால் ஆயுதம் தீர்ந்துவிட்டது. மில்டன்ஹாலிலிருந்து கிளம்பும் எரிபொருள் நிரப்பு விமானங்களின் அழைப்புக்குறி, அதாவது வானொலியில் அவை சொல்லிக்கொள்ளும் பெயர், ‘குயிட்’. பவுண்டு நாணயத்துக்குப் பிரிட்டன் மக்கள் வைத்த செல்லப்பெயர். மறையாக்கம் செய்த பேச்சும், நொடிக்குப் பலமுறை அலைவரிசை மாறித் தாவும் ‘ஹேவ் குவிக்’ போன்ற முறைகளும் எந்தத் துழாவிக்கும் பிடிபடாது.

இப்படிக் கேட்பதை ‘ஒட்டுக்கேட்டல்’ எனலாமா என்பதில் சட்டங்களே ஒன்றுபடவில்லை. பிரிட்டனில் ஸ்கேனர் வாங்கலாம், வைத்திருக்கலாம். ஆனால் தமக்கென அனுப்பப்படாத செய்தியை அனுமதியின்றிக் கேட்பது 2006-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி குற்றம். வேலியோரம் நிற்பவர்கள் சட்டத்தின் பொறுமையை நம்பி நிற்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் வானூர்திப் பேச்சைக் கேட்பதற்கு வெளிப்படையாக விலக்கு அளித்தது. இந்தியாவில் 1933-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. ஆக, ‘ஒட்டுக்கேட்டல்’ லண்டனில் பொருந்தும், நெவாடாவில் பொருந்தாது. பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘அலைக்கேட்பு’ என்பது போதும்.