துணிக் காசு வந்தால் போதுமா? ஆர்டர் தையலுக்கு விலை சொல்லும் முறை

கும்பகோணத்தில் தையல் பயிற்சி கொடுக்கிறேன், ஆர்டர் வேலையும் எடுக்கிறேன். என்னிடம் கற்றுக்கொண்டு போன பெண்களில் கை சுத்தமாக இருப்பவர்கள்கூட ஓரிரு வருடத்தில் மெஷினை மூடி வைத்துவிடுவதைப் பார்க்கிறேன். ஏன் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "ஆர்டர் வருது அக்கா, ராத்திரி பகலா தைக்கிறேன், கடைசியில கையில ஒண்ணும் நிக்கல." அவர்கள் விலை சொல்லும் விதத்தைக் கேட்டால் காரணம் புரிந்துவிடும். துணிக்கு எவ்வளவு ஆனது என்று பார்க்கிறார்கள், அதன்மேல் கொஞ்சம் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் 'கொஞ்சம்' எந்தக் கணக்கில் வந்தது என்று அவர்களுக்கே தெரியாது.

ஜாக்கெட், சுடிதார் போல ஊரில் கூலி நிர்ணயமாகிவிட்ட வேலைகளை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. தெருவுக்குத் தெரு ஒரு ரேட் இருக்கிறது, அதை ஒட்டித்தான் வாங்க முடியும். சிக்கல் எல்லாம் ஒருவர் கேட்டபடி, அவருக்கு மட்டும் என்று செய்து கொடுக்கும் பொருள்களில்தான்: வளைகாப்புக்குத் தொட்டில் செட், கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை, கொலுவுக்குத் தோரணம், பழைய புடவையில் குழந்தைக்குக் குயில்ட் (துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை). இவற்றுக்கு ஊரில் ரேட் கிடையாது. ரேட்டை நீங்கள்தான் உருவாக்க வேண்டும்.

முதலில் உங்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு விலை வையுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் நூறு நாள் வேலையைக் காட்டுகிறேன். 2025–26 நிதியாண்டில் தமிழ்நாட்டுக்கு அந்தத் திட்டத்தில் ஒரு நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. தையல் பழகிய கை அதற்குக் கீழே போக ஒரு நியாயமும் இல்லை. எட்டு மணி நேரம் வேலை பார்க்கிறோம் என்றாலும் துணி வாங்கப் போவது, போனில் பேசுவது, பாக்கி வசூலிப்பது எல்லாம் கழிந்து மெஷின் முன்னால் உட்காருவது ஐந்தரை மணி நேரம் இருந்தால் பெரிது. 336-ஐ ஐந்தரையால் வகுத்தால் மணிக்கு 61 ரூபாய் வருகிறது. ஆக, மணிக்கு 60 என்பது அடிமட்டம். ஆரி வேலை, கையால் நுணுக்கமாகத் தைக்கும் வேலை தெரிந்தவர்கள் 100 கேட்டாலும் தவறே இல்லை, கேட்கத்தான் வேண்டும்.

இப்போது ஒரு குயில்ட்டை எடுத்துக்கொள்வோம். பாட்டியின் பழைய பட்டுப் புடவைகளைக் கொண்டுவந்து, பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கு 36-க்கு 42 அங்குலத்தில் கேட்கிறார்கள். புடவை அவர்களுடையது, அதனால் செலவு குறைவு என்று இரு பக்கமும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பழைய பட்டில்தான் வேலை அதிகம். புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பல வருடம் ஒரே மடிப்பில் பீரோவில் இருந்த பட்டு, மடிப்பு ஓடிய கோட்டில் இற்றுப்போயிருக்கும். விரலால் லேசாக இழுத்தாலே பிளந்துகொள்ளும். அந்த இடங்களை ஒதுக்கி, நல்ல பகுதியில் மட்டும் துண்டு எடுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ஃபியூசிங் (அயர்ன் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் தாங்கு துணி) ஒட்டாமல் வெட்டினால் ஓரம் பிரிந்து வந்துவிடும். ஜரிகை உள்ள இடத்தில் அயர்ன் சூட்டைக் குறைத்து, மேலே ஒரு காட்டன் துணி போட்டுத்தான் ஒட்ட வேண்டும். இத்தனைக்கும் நேரம் பிடிக்கும்.

கணக்கு இப்படி வரும். விலைகள் கடைக்குக் கடை மாறும், உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். அடித்துணி காட்டன் ஒன்றேகால் மீட்டர் 175, நடுவில் வைக்கும் பஞ்சு ஷீட் 150, ஃபியூசிங் 105, ஓரம் கட்டும் துணி 70, நூல், ஊசிக்கு 60. பொருள் மட்டும் 560 ரூபாய். நேரம்: எந்தத் துண்டு எங்கே வரும் என்று கட்டம் போட ஒரு மணி, பிரித்து ஒட்டி வெட்ட மூன்று மணி, துண்டுகளை இணைக்க மூன்று மணி, மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல் போட ஏழு மணி, ஓரம் கட்ட இரண்டு மணி. மொத்தம் பதினாறு மணி நேரம், மணிக்கு 60 வீதம் 960. கரண்ட், மெஷின் சர்வீஸ், பஸ், பேக்கிங் என்று 120 வையுங்கள். கூட்டினால் 1,640. இது அடக்கம்தான், இன்னும் லாபம் சேரவில்லை. இருபது சதவீதம் லாபம் சேர்த்தால் 1,968 வருகிறது. 2,000 என்று சொல்லலாம்.

இதே வேலைக்கு 800 வாங்கியதாகப் பெருமையாக ஒரு பெண் என்னிடம் சொன்னார். பொருள் போக 240. கரண்ட், பஸ் போக 120. அதைப் பதினாறு மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள், மணிக்கு ஏழரை ரூபாய். அந்தப் பெண்ணின் தையலைத் திருப்பிப் பார்த்தால் எது உள்பக்கம் என்று தெரியாது, அவ்வளவு நேர்த்தி. அந்தக் கைக்கு ஏழரை ரூபாய் என்றால் எனக்கு மனசு ஆறவில்லை.

லாபம் எதற்கு, கூலிதான் எடுத்துவிட்டோமே என்று சிலர் கேட்பார்கள். கூலி உழைப்புக்கு. லாபம்தான் மெஷின் மோட்டார் போனால் அடுத்த மோட்டார் வாங்கும், வாங்கிய துணி சாயம் போனால் அந்த நஷ்டத்தைத் தாங்கும், ஆர்டர் இல்லாத மாதத்தில் கடை வாடகை கட்டும்.

அடுத்தது மொத்த ஆர்டர். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. அதற்கப்புறம் துணிப்பை கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் 200 தாம்பூலப் பை சொல்லிவிட்டு, "இருநூறு எடுக்கிறோமே, பைக்கு அஞ்சு ரூபா குறைச்சுக்கம்மா" என்பார்கள். கேட்பதில் தப்பில்லை, ஆனால் எது குறையும் எது குறையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காடா துணியை முழுச் சுருளாக எடுத்தால் மீட்டருக்கு விலை குறையும். அடுக்கிப் போட்டு வெட்டுவதால் வெட்டும் நேரம் குறையும். பெயர் அச்சடிக்கும் ஸ்கிரீன் செலவு இருநூறாகப் பிரியும். ஆனால் ஒவ்வொரு பைக்கும் இரண்டு பக்கத் தையல், வாய் மடிப்பு, கைப்பிடி போட்டே ஆக வேண்டும். தனியாகத் தைத்தால் பன்னிரண்டு நிமிடம் ஆகும் பை, வரிசையாகத் தைக்கும்போது ஒன்பது நிமிடத்துக்கு வரும், அவ்வளவுதான். 200 பைக்கு முப்பது மணி நேரம், கூலி 1,800 ரூபாய். பைக்கு அஞ்சு ரூபாயைக் கூலியில் விட்டுக்கொடுத்தால் அந்த 1,800-இல் 1,000 போய்விடுகிறது. துணியில் மிச்சமானதை மட்டும் விட்டுக்கொடுங்கள், கூலியில் கை வைக்காதீர்கள்.

சொந்தக்காரர்கள் விஷயம் தனி. "நம்ம வீட்டுப் பொண்ணுதானே" என்று வருபவர்களிடம் நானும் முழு விலை வாங்குவதில்லை. ஆனால் சீட்டில் முழு விலையையும் எழுதி, கீழே கழிவையும் எழுதித் தருவேன். சித்தி தன் தோழிக்குச் சொல்லும்போது 2,000 என்றுதான் சொல்ல வேண்டும், எனக்காக 1,500-க்குக் கொடுத்தாள் என்று சேர்த்துச் சொல்லட்டும். எழுதாமல் விட்டால் 1,500-தான் உங்கள் விலை என்று ஊரெல்லாம் போய்விடும்.

போனில் கேட்டவுடன் விலை சொல்வதை முதலில் நிறுத்துங்கள். கோயில் தேரில் தொங்கவிடும் துணி உருளையான தொம்பையைத் தைப்பவரிடம் விலை கேட்டுப் பாருங்கள். எத்தனை அடி, எந்தத் துணி, என்றைக்கு வேண்டும் என்று கேட்காமல் அவர் வாய் திறக்க மாட்டார். நாமும் அளவு, துணி, தேதி, மாதிரிப் படம் நான்கும் வந்த பிறகு, "நாளைக்குக் கணக்குப் போட்டுச் சொல்றேங்க" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லும்போது வாட்ஸாப்பில் எழுத்தாகச் சொல்லுங்கள். நான் அனுப்புவது இவ்வளவுதான்: "பட்டுப் புடவை குயில்ட், 36 x 42. விலை 2,000. முன்பணம் 1,100. பழைய பட்டு இற்றுப்போயிருந்தால் அந்தப் பகுதியைப் பயன்படுத்த முடியாது. வெட்டிய பிறகு மாற்றம் கேட்டால் கூலி தனி. முன்பணம் வந்த நாளிலிருந்து 15 நாள்." முன்பணத்தில் பொருள் செலவு முழுவதும் அடங்க வேண்டும், கூலியிலும் ஒரு பங்கு இருக்க வேண்டும். பாதியில் ஆர்டர் நின்றால் உங்கள் கைக்காசு போகக்கூடாது.

ரெடிமேடில் 600-க்குக் கிடைக்கிறதே என்பவர்களிடம் வாதாட வேண்டாம். "ஆமாங்க, கிடைக்கும். உங்க பாட்டி புடவையில அங்க கிடைக்காது. பட்ஜெட் அவ்வளவுதான்னா குயில்ட் வேண்டாம், அதே புடவையில ரெண்டு தலையணை உறை போட்டுத் தரட்டுமா?" என்று கேளுங்கள். விலையைக் குறைப்பதற்குப் பதிலாக வேலையைக் குறைக்கலாம். பாதிப் பேர் இதற்குச் சம்மதிக்கிறார்கள்.

தேதிக்கும் விலை உண்டு. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் நான்கு நாள் தவணையில் வரும் வேலைக்குக் கால் பங்கு கூடுதலாக வாங்குங்கள், வேறு வேலையைத் தள்ளி வைத்துத்தானே செய்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைத்த லைனிங் காயாது, பையில் அடித்த அச்சு உலராது, கரண்டும் போகும். அந்த மாதங்களில் தவணையைத் தாராளமாகச் சொல்லிவிடுங்கள். சம்பா அறுத்து, நெல் கொள்முதல் பணம் வந்த பிறகு தருகிறேன் என்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். தருவார்கள்தான், ஆனாலும் முன்பணம் இல்லாமல் துணியில் கத்தரி வைக்காதீர்கள்.

பதிவு பற்றி ஒரு வார்த்தை. சிறு தொழில் செய்பவர்களுக்கான உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் முற்றிலும் இலவசம், அதற்குப் பணம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். உள்ளூரிலும் மாநிலத்துக்குள்ளும் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்புவதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே ஒரு கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் கை ஓய்வாக இருக்கும். நீங்கள் அதிகம் தைக்கும் மூன்று பொருளை எடுத்து, போனில் நேரம் வைத்து, வெட்டுவதிலிருந்து பேக்கிங் வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு ஆகிறது என்று நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே கடைசியாக வாங்கிய துணி பில்லை ஒட்டி வையுங்கள். ஆவணி ஆர்டருக்கு அந்த நோட்டைப் பார்த்து விலை சொல்லலாம்.