வார்ட்டில் “இரத்தம் குறைவு” என்று சொன்னார்களா? டிக்கட் வெட்டிய பிறகு பிள்ளைக்கு உரியவை

காய்ச்சலுக்கோ சளிக்கோ பிள்ளையைக் கொண்டுபோய் வார்ட்டில் வைத்திருப்போம். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, “பிள்ளைக்கு இரத்தமும் குறைவாக இருக்கிறது” என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்வார். அந்த நேரத்தில் நம் கவனமெல்லாம் காய்ச்சலில் இருக்கும். நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள், பஸ் பிடித்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துவிடுவோம். இரத்தக் குறைவு, போகும்போது தரும் நோய் நிர்ணய கார்ட்டிலேயே தங்கிவிடும். என் மகளுக்கு 14 மாதத்தில் இதுதான் நடந்தது. கார்ட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த ஒரு வரியை ஆறு மாதம் கழித்து மிட்வைப் மிஸ்தான் (தோட்டத்துக் குடும்பநல மருத்துவிச்சி) வாசித்துச் சொன்னார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குறைவு என்று தெரிந்தும் வார்ட்டிலேயே இரும்புச்சத்து மருந்தை ஏன் தொடங்குவதில்லை என்று பலர் கேட்கிறார்கள். காய்ச்சல், நிமோனியா போன்ற தொற்று இருக்கும்போது இரத்தக் குறைவைக் காட்டும் ஹீமோகுளோபின் எண் தானாகவே கொஞ்சம் இறங்கும். உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் பெரிட்டின் பரிசோதனையோ அந்த நாட்களில் பொய்யாகக் கூட்டிக் காட்டும். எனவே பல டாக்டர்கள் தொற்று அடங்கிய பிறகு கிளினிக்குக்கு வரச் சொல்லி, மறுபடி பார்த்து மருந்து தொடங்குவார்கள். கடும் மந்தபோசணை உள்ள பிள்ளைக்கும் தேறி வரும்வரை இரும்புச்சத்தைப் பிந்தித்தான் கொடுப்பார்கள். ஆகவே “இரண்டு கிழமை கழித்து கிளினிக்” என்று எழுதியிருந்தால், வைத்தியம் அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது. அந்த நாளுக்குப் போகாவிட்டால் வைத்தியமே நடக்கவில்லை.

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் இல்லை. வார்ட், இரத்தப் பரிசோதனை, கிளினிக், அங்கு கொடுக்கும் மருந்து எல்லாம் இலவசம். இரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் அதற்கும் காசு இல்லை. பதிலுக்கு வீட்டார் யாராவது இரத்தம் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நாட்டின் இரத்த வங்கி தானாக முன்வந்து கொடுப்பவர்களின் இரத்தத்தில்தான் நடக்கிறது. மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதித் தந்தால், வாங்க முடியாத நிலையை அங்கேயே சொல்லுங்கள். வேறு மருந்தாக மாற்றித் தர முடியுமா, பக்கத்து அரச வைத்தியசாலையில் இருக்குமா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. பிள்ளை மூச்சுத் திணறினால், சோர்ந்து எழும்பாமல் கிடந்தால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்கும் காசு இல்லை.

டிக்கட் வெட்டும்போது நோய் நிர்ணய அட்டையைக் கையில் வாங்காமல் வர வேண்டாம். அதை ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. “இரத்தம் எவ்வளவு இருந்தது, மருந்து எப்போது தொடங்க வேண்டும், கிளினிக் எந்தத் திகதி” என்று தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. தமிழ் தெரிந்த நர்ஸ் அன்றைக்கு இல்லாவிட்டால், தெரிந்த ஒருவர் வரும்வரை கொஞ்சம் பொறுத்திருந்தாவது கேட்டுவிட்டு வாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அட்டையையும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு மிட்வைப் மிஸ்ஸிடம் போங்கள். அந்தக் கிழமையே போங்கள். வைத்தியசாலைக்குத் தெரிந்த விஷயம் தோட்டத்தில் இருக்கிற மிஸ்ஸுக்குத் தானாகத் தெரியவராது, நாம்தான் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் பதிவேட்டில் குறித்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக் கிளினிக்கில் காட்டி, நிறுவையையும் கவனிப்பார். பிள்ளைக்காம்பராவில் (பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்து இடம்) விடுகிற பிள்ளை என்றால் அங்கே பார்த்துக்கொள்பவரிடமும் சொல்லிவையுங்கள். பகலில் சாப்பாடு கொடுப்பது அவர்தானே.

மிஸ்ஸிடம் பிள்ளைக்கு வேறு சில உரித்துகளும் இருக்கின்றன. 6, 12, 18 மாதங்களில் இரண்டிரண்டு மாதத்துக்கு, நாளைக்கு ஒன்றாகப் போட விட்டமின் தூள் பக்கெட் தருவார்கள். அதில் இரும்பும் இருக்கிறது. ஆறிய சோற்றிலோ கிழங்கிலோ பிள்ளை சாப்பிடும் அளவை மட்டும் எடுத்துக் கலந்து உடனே ஊட்ட வேண்டும். கொதிக்கிற கஞ்சியில் போட வேண்டாம், தேத்தண்ணியில் போடவே வேண்டாம். இரும்புச்சத்து சிரப்பும் இந்தத் தூளும் ஒரே நேரத்தில் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விட்டமின் ஏ, 18 மாதத்திலிருந்து பூச்சி மருந்து, நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா என்ற சத்துமா ஆகியவையும் உண்டு. திரிபோஷா அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது. வீட்டில் எல்லாரும் பங்குபோட்டால் யாருக்குமே பயன் வராது.

பூச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொக்கிப் புழு மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். லயத்து வரிசை வீடுகளில் கக்கூசு வசதி சரியில்லாத இடங்களில் பிள்ளை வெறுங்காலோடு ஓடித்திரிந்தால், ஒரு பக்கம் மருந்து கொடுக்க மறுபக்கம் இரத்தம் போய்க்கொண்டிருக்கும்.

மலையில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் 2024 வழிகாட்டிப்படி, 6 முதல் 23 மாதப் பிள்ளைக்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 10.5 கிராமுக்குக் கீழும், 2 முதல் 5 வயதுக்குள் 11 கிராமுக்குக் கீழும் போனால் இரத்தசோகை. இது கடல் மட்டத்துக் கணக்கு. உயரம் கூடக் கூட காற்றில் ஒட்சிசன் குறைவதால் உடம்பு இயல்பாகவே கூடுதல் ஹீமோகுளோபினை வைத்திருக்கும். நுவரெலியா நகரம் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். அங்கே வளரும் பிள்ளைக்கு வந்த எண்ணிலிருந்து சுமார் 1 கிராமைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு 11.5 என்று வந்தால் கொழும்பில் அது போதும், நுவரெலியாவில் போதாது. பதுளைப் பக்கம் உயரம் குறைவு என்பதால் கழிப்பதும் குறைவு. “நாங்கள் மேலே இருக்கிறோம், அதையும் பார்த்தீர்களா டாக்டர்?” என்று பணிவாகக் கேட்கலாம்.

சிரப் கொடுக்கத் தொடங்கினால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். இரண்டு கிழமையில் பிள்ளை சுறுசுறுப்பாகிவிடும். அதோடு நிறுத்திவிடுவதுதான் நாம் செய்கிற பெரிய பிழை. எண் சரியான பிறகும் உடம்பின் சேமிப்பு நிரம்ப இரண்டு மூன்று மாதம் வேண்டும், டாக்டர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. போத்தலைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இரும்பு மருந்தை ஒரேயடியாகக் குடித்துவிட்டால் சிறுபிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

பாலோடும் தேத்தண்ணியோடும் சிரப்பைக் கொடுக்க வேண்டாம். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் ஒட்ட விடாது. காலையில் ரொட்டியைச் சாயத்தண்ணியில் தொட்டுப் பிள்ளைக்கு ஊட்டுவது எங்கள் வீடுகளில் வழக்கம், நானும் ஊட்டியிருக்கிறேன். ஐந்து வயதுவரைக்கும் அதை விட்டுவிடலாம். நெத்தலிக் கருவாட்டை வறுத்து இடித்த தூள், முட்டை, ஈரல், பாசிப்பயறு, பருப்பு, முருங்கைக்கீரை என்று முடிந்ததைக் கொடுத்து, கூடவே கொய்யாத் துண்டோ தேசிக்காய்ப் புளியோ சேர்த்தால் இரும்பு நன்றாக ஒட்டும்.

சிரப்பை ஒழுங்காகக் கொடுத்தும் எண் ஏறவில்லை என்றால், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் இரத்த நோயான தலசீமியாவுக்கான பரிசோதனை பற்றிக் கேளுங்கள். தாயும் தகப்பனும் அதைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு கடுமையாக வர வாய்ப்பு இருக்கிறது. எங்களில் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டுவது வழக்கம் என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது. குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது. தலசீமியா உள்ள பிள்ளைக்கு இரும்பு மருந்து கெடுதலாகவும் முடியலாம் என்பதால், கடையில் நாமாக டானிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

கிளினிக் நாளில் மலைக்கு வேலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போய்விடும் என்பது எனக்கும் தெரியும். மகளுக்காக அப்படி நாலு பேர் போனது. திகதி எழுதிய அட்டையை முதல் நாளே கங்காணியிடமோ துரையிடமோ காட்டிச் சொல்லிவைத்தேன். அம்மா வர முடியாத நாளில் அப்பாவோ பாட்டியோ கொண்டுபோகலாம். அட்டையும் பதிவேடும் அவர்கள் கையில் இருந்தால் போதும்.