வைஃபை பட்டியலில் 'தெரியாத கருவி': திருடனா, உங்கள் டிவியா?

வீட்டு நெட்வொர்க் பார்க்க என்னைக் கூப்பிடுபவர்கள் பலரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்: "சார், பக்கத்து வீட்டுல நம்ம வைஃபையைத் திருடுறாங்க." ஆதாரமாக வாட்ஸ்அப்பில் ரவுட்டர் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் வரும். அதில் பெயரில்லாத நாலைந்து கருவிகள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அந்த வீட்டுப் பொருள்கள்தான்.

வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் 12 இலக்க மேக் (MAC) முகவரி உண்டு. எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த அடையாளக் குறி அது. முதல் 6 இலக்கத்தை வைத்துத் தயாரிப்பாளரைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் உண்மையான முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பனை முகவரியைக் கொடுக்கின்றன. முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது இந்த ரகம். அநேகமாக உங்கள் வீட்டு போன்தான். 'எஸ்பிரெசிஃப்' என்ற பெயரைப் பார்த்து மிரண்டவர்கள் உண்டு. அது சீனச் சிப் நிறுவனம். ஸ்மார்ட் பல்புக்குள்ளும் பிளக்குக்குள்ளும் இருக்கும். போதாததற்கு, சில ரவுட்டர்கள் நேற்று வந்துபோன விருந்தாளியின் போனைக்கூடப் பட்டியலில் வைத்திருக்கும்.

அதனால் கழித்துப் பாருங்கள். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்து ரவுட்டர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, டிவி, பிரிண்டர், கேமரா, ஏசி என்று ஒவ்வொன்றாக அணையுங்கள். எது மறைகிறதோ அதற்குப் பெயர் வையுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் புதிதாக எது வந்தாலும் பார்த்ததும் தெரியும்.

எதிலும் சேராத ஒன்று மிஞ்சினால்? மேக் முகவரியைத் தடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முகவரியை மாற்றிக்கொண்டு திரும்ப வந்துவிடலாம். வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரவுட்டர் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டு தனி. ஸ்டிக்கரில் அச்சிட்டதே இன்னும் இருந்தால் அதையும் மாற்றுங்கள். பாஸ்வேர்டு அடிக்காமலே கருவியை இணைக்கும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியை அணைத்துவிடுங்கள்: அதன் 8 இலக்க பின் (PIN) எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் உடைக்கலாம் என்பது 2011லேயே வெளியானது.

நான் பார்த்தவரை, பாஸ்வேர்டை யாரும் உடைப்பதில்லை, நாமே கொடுக்கிறோம். ஒருவரிடம் கொடுத்தால் அவர் போனிலிருந்து க்யூஆர் கோடாக அடுத்தவருக்குப் போகிறது. பாஸ்வேர்டை மாற்றினால் பல்பு, கேமரா எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டுமே என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். வருபவர்களுக்கு மட்டும் கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் திறந்து கொடுங்கள். அதன் பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்றினாலும் உங்கள் பல்பைத் தொட வேண்டியதில்லை.