தெருமுனைக் கட்டடம் விற்பனைக்கு வந்தால்: இங்கிலாந்தில் குடியிருப்போருக்கு உள்ள உரிமை

பழைய நகரப் பகுதியைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியதும் நிலத்தின் விலை ஏறும். அப்போது மூடிக்கிடக்கும் பப், பழைய நூலகம், சமூகக்கூடம் போன்ற இடங்கள் சத்தமில்லாமல் கைமாறிவிடும். அங்கேயே குடியிருப்பவர்கள் அவற்றை வாங்கித் தாங்களே தொழில் நடத்த முன்வந்தால், அதற்குக் கொஞ்சம் அவகாசம் தருகிறது 2011-ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டம். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

முதல் படி, அந்த இடத்தைச் ‘சமூக மதிப்புள்ள சொத்து’ என்று கவுன்சிலின் (உள்ளூராட்சி மன்றத்தின்) பட்டியலில் ஏற்றுவது. பதிவு செய்யாத குழுவும் விண்ணப்பிக்கலாம். ஆனால் உள்ளூர் வாக்காளர்கள் 21 பேராவது உறுப்பினராக இருக்க வேண்டும். கவுன்சில் 8 வாரத்துக்குள் முடிவு சொல்லும். இப்போதோ அண்மையிலோ அந்த இடம் அக்கம்பக்கத்தாருக்குப் பயன்பட்டது என்பதைக் காட்ட வேண்டும். குடியிருப்பு வீடுகளைப் பொதுவாகச் சேர்க்க முடியாது.

பட்டியலில் ஏறிய இடத்தை விற்க நினைக்கும் உரிமையாளர் முதலில் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். அன்றிலிருந்து 6 வாரத்துக்குள் ‘நாங்களும் வாங்கப் பார்க்கிறோம்’ என்று ஒரு குழு எழுதிக் கொடுத்தால், அறிவித்த நாளிலிருந்து 6 மாதம் வரை வெளியாருக்கு விற்க முடியாது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பட்டியலில் ஏற்ற 21 பேர் சேர்ந்த குழு போதும். இந்தத் தடையைக் கேட்க அது போதாது. அறக்கட்டளை, சமூக நலன் நிறுவனம், லாப நோக்கில்லாத சங்கம் போன்ற ஓர் அமைப்பாக இருக்க வேண்டும். 6 வாரத்துக்குள் அமைப்பையும் தொடங்கி, ஆளையும் சேர்ப்பது பெரும்பாடு. அதனால் விற்பனை அறிவிப்பு வருவதற்கு முன்பே அமைப்பின் பதிவை முடித்துவிடுங்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: உங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை. 6 மாதம் முடிந்ததும் யாருக்கு வேண்டுமானாலும், என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்கலாம். 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட ஒரு மசோதா, இந்த அவகாசத்தை 12 மாதமாக்கி, வாங்கும் முதல் வாய்ப்பையும் குடியிருப்போர் குழுவுக்கே தர முன்மொழிந்தது.

அமைப்புக்கு எந்த வடிவம்? சமூக நலன் நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. அதன் சொத்தைப் பிரித்து எடுத்துக்கொள்ள முடியாது. பங்குதாரர் இருந்தால் லாபத்தில் 35 சதவீதத்துக்கு மேல் ஈவுத்தொகை போகாது. பணத்தை அக்கம்பக்கத்திலேயே திரட்ட வேண்டுமென்றால் உறுப்பினர்கள் பங்கு போட்டு நடத்தும் சமூகப் பயன் சங்கம்தான் நல்லது என்பது என் கருத்து. அதில் 50 பவுண்ட் போட்டவருக்கும் 5,000 பவுண்ட் போட்டவருக்கும் ஒரே ஓட்டு. தெருவில் எல்லோரும் அதைத் தங்களுடையதாக நினைக்க இது ஒன்றே போதும்.

வாங்கினால் மட்டும் ஆகிவிடாது, அந்த இடம் சம்பாதிக்கவும் வேண்டும். இந்தச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1984-ல், லண்டன் தேம்ஸ் தென்கரையில் குடியிருந்தவர்களின் காயின் ஸ்ட்ரீட் அமைப்பு 13 ஏக்கரை 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. காலி மனைகளைத் தற்காலிகக் கார் பார்க்காக விட்டு அதில் வந்த வருமானத்தில் கடனைச் சமாளித்தார்கள். அப்புறம் கூட்டுறவு வீடுகள் கட்டினார்கள், அங்கிருந்த ஆக்ஸோ டவர் என்ற பழைய கட்டடத்தைக் கடைகளும் உணவகமுமாக மாற்றினார்கள். லிவர்பூல் ஆன்ஃபீல்டில், கால்பந்து மைதானத்தின் அருகில் மூடப்பட்ட ஒரு பேக்கரியை அப்பகுதி மக்களே ‘ஹோம்பேக்டு’ என்ற கூட்டுறவாக நடத்துகிறார்கள். சுற்றிலும் வீடுகளை இடித்துக்கொண்டிருந்த பகுதி அது.

பட்டியல் பதிவு 5 ஆண்டுக்குத்தான் செல்லும். முடிந்ததும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தேதியை யாராவது ஒருவர் பொறுப்பாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.