ஓரினச்சேர்க்கையா, தன்பாலீர்ப்பா?

'பட் ஐம் எ சியர்லீடர்' போன்ற படங்களைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும் பலருக்கும் முதலில் வந்து விழும் சொல் 'ஓரினச்சேர்க்கை'. "ஓரினச்சேர்க்கையில் ஈடுபடும் மாணவியின் கதை" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அறிமுகம் முடிந்தது. படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார்களா?

ஜேமி பாபிட் இயக்கி 1999இல் வந்த நையாண்டிப் படம் அது. நாயகி மேகன் எதிலும் ஈடுபடவில்லை. சைவம் சாப்பிடுகிறாள், அறையில் லெஸ்பியன் பாடகி மெலிசா எதெரிட்ஜின் படத்தை ஒட்டியிருக்கிறாள், காதலன் முத்தமிடும்போது அவள் மனம் சக சியர்லீடர் பெண்களிடம் (விளையாட்டுப் போட்டிகளில் ஆடிப்பாடி அணியை உற்சாகப்படுத்துகிறவர்கள்) போய்விடுகிறது. இவ்வளவுதான் 'ஆதாரம்'. பெற்றோரும் தோழியும் சுற்றி உட்கார்ந்து 'நீ லெஸ்பியன்' என்று குற்றம் சாட்ட, 'நான் சியர்லீடராச்சே!' என்று அவள் திகைக்கிறாள். அவளை 'ட்ரூ டைரக்‌ஷன்ஸ்' என்ற, இந்த ஈர்ப்பை 'மாற்றுவதாக'ச் சொல்லும் திருத்தல் முகாமுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இதில் சேர்க்கை எங்கே வந்தது? அங்கே கிரகாம் என்ற பெண்ணோடு அவளுக்குக் காதல் வருவதெல்லாம் பிறகு.

மூலச்சொல்லின் கதை சின்னது. 'ஹோமோசெக்‌ஷுவல்' என்பதை ஹங்கேரிய எழுத்தாளர் கெர்ட்பெனி 1869இல் ஜெர்மன் துண்டு வெளியீடுகளில் அச்சேற்றினார். முன்பாதி கிரேக்கம், 'ஒரே' என்று பொருள். பின்பாதி லத்தீன் 'செக்ஸுஸ்', அதாவது ஆண், பெண் என்ற பால். நம் ஆட்கள் பின்பாதியில் 'செக்ஸ்' இருப்பதைப் பார்த்ததும் படுக்கையறைக்குப் போய்விட்டார்கள்.

'ஓரினம்' அதைவிடக் கொடுமை. தமிழில் இனம் என்றால் மனித இனம், பறவையினம். அப்படிப் பார்த்தால் ஆணும் பெண்ணும் சேர்வதும் ஓரினச்சேர்க்கைதானே? ஆண், பெண் வேறுபாட்டுக்குத் தொல்காப்பியக் காலம் தொட்டு நம்மிடம் உள்ள சொல் 'பால்'. ஆண்பால், பெண்பால் என்று பள்ளியில் படித்ததைக் கூடவா மறந்துபோனோம்? போதாக்குறைக்கு 'இனச்சேர்க்கை' என்பது மாடும் மானும் கூடுவதற்கு விலங்கியல் பாடத்தில் எழுதும் சொல். அதன் தலையில் ஓர் 'ஓர்' வைத்து மனிதர்களுக்குச் சூட்டியிருக்கிறோம்.

ஆகவே 'தன்பாலீர்ப்பு' என்பதே சரி. இதற்கும் ஓர் ஆட்சேபம் உண்டு: 'தன்பால்' என்றால் 'தன்னிடம்' என்றும் பொருள்படும், தன்னைத்தானே விரும்புவதுபோல் ஆகிவிடாதா? நியாயமான கேள்விதான். 'தன்பாலின ஈர்ப்பு' என்று எழுதினால் அந்தக் குழப்பம் தீரும். சேர்க்கையை விடமாட்டேன் என்று 'தன்பாலினச் சேர்க்கை' என எழுதுகிறவர்கள்தான் பாதி திருந்தியவர்கள். படத்தில் வரும் அந்த முகாமில் ஜான் என்றொரு பெண் இருக்கிறாள். தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு சாஃப்ட்பால் ஆடுகிறவள். தோற்றத்தைப் பார்த்தே எல்லாரும் அவளை லெஸ்பியன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். தனக்குப் பிடித்தது ஆண்களைத்தான் என்று அழுதுவிட்டு வெளியேறுகிறாள். அவள் யாரோடு சேர்ந்தாள் என்பதல்ல, அவள் மனம் எந்தப் பக்கம் போகிறது என்பதே அங்கே விஷயம்.

சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபின் தமிழ்நாடு அரசு 2022இல் இதற்கெல்லாம் சொற்பட்டியலே அரசிதழில் வெளியிட்டது. ஆனாலும் தலைப்புகளில் 'ஓரினச்சேர்க்கை ஜோடி' ஒழிந்தபாடில்லை. இத்தகைய உறவைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவைப் பற்றி எழுதும்போது சேர்க்கை என்பது பொருந்தலாம். அந்தச் சட்டம் பேசியதே செயலைத்தான். காதல் கதைக்கும் அதையே போடுவது சோம்பேறித்தனம்.

அதற்காகப் பட வசனத்தைத் தமிழாக்கும்போதும் 'தன்பாலீர்ப்பாளர்' என்று திணிக்க வேண்டாம். பதின்வயதுப் பெண் அழுதுகொண்டே "நான் ஒரு தன்பாலீர்ப்பாளர்" என்று சொன்னால், தன்னைத்தானே மரியாதையோடு அழைத்துக்கொண்டு அரசாணை வாசிப்பதுபோல் இருக்கும். அந்த இடத்தில் "நான் லெஸ்பியன்" போதும்.